குழலியின் மூன்று அப்பாக்கள்

பதினேழு வருஷமாக யாரும் கண்ணால் பார்த்திராத குழலி, ஆடிக் காற்று புழுதியை அள்ளிக் கண்ணில் கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் அர்த்தநாரியின் பனியன் கம்பெனி கேட்டில் வந்து நின்று, "மெர்ச்சண்டைசிங் குழலிங்" என்று சொன்னாள். வாட்ச்மேன் தாசப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வயசிருக்கும், இடது காலை இழுத்து நடக்கிறாள், இந்த ஊர் வெயிலுக்கு ஆகாத கம்பளிச் சால்வை ஒன்று தோளில் கிடக்கிறது, கையில் சோற்றுத் தூக்குப்போசி. "பத்து நிமிஷம் லேட்டுங் அம்மணி" என்றார். ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு மாடி ஏறினாள். அதற்கு மேல் கேட்டில் ஒன்றும் நடக்கவில்லை.

மாடியில், பையர்களுக்கு மெயில் எழுதும் மெர்ச்சண்டைசிங் மேசையில் உட்கார்ந்திருந்த ஷோபனா அவளைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க்கா, உங்க சீட்டுதானுங்களே" என்று நாற்காலியைத் துடைத்துவிட்டு, தனக்குப் பக்கத்து அறையிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். புரொடக்சன் மேனேஜர் தங்கமுத்து மட்டும் அந்தச் சால்வையைப் பார்த்து ஒரு நிமிஷம் முழித்தார். எட்டு வருஷமாக அவர் வீட்டு பீரோவில் மடித்துக் கிடந்த சால்வை அது. அன்றைக்குக் காலையில்தான் அதைக் காணோம் என்று அவர் சம்சாரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியில் உண்மையாகவே ஆடிப்போனது ஒரே ஒரு ஆள்தான். அவன் மருதாசலம். கம்பெனியின் கம்ப்யூட்டர், சர்வர், நூற்றுச் சொச்சம் மெயில் ஐடி, எந்த ஐடி எப்போது மக்கர் பண்ணினாலும் அதற்கான வசவு, எல்லாம் அவன் தலையில். பதினாலு வயசில் கட்டிங் செக்சனில் துணி பண்டல் தூக்க வந்தவன். எவனும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்காமல், உடைந்த கீபோர்டைப் பிரித்துப் பார்த்து, கேபிள் இழுக்க வந்தவனோடு சண்டை போட்டு, சண்டை முடிவதற்குள் அவன் தொழிலைப் பார்த்து வைத்துக்கொண்டு, இப்படியே மேலே வந்தவன். மதர்போர்டு விற்க வந்தவனிடம் கொசுறாக ஒரு மவுஸ் வாங்காமல் அவனை மாடிப்படி இறங்கவிட்டதில்லை. அன்றைக்கு அவன் சர்வர் ரூமில் பேட்டரிக்காரனோடு போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பேரம் படிகிற நேரத்தில் வெளியே வராந்தாவில் அந்தச் சத்தம் கேட்டது. தட்... சரக். தட்... சரக்.

கதவுக் கண்ணாடி வழியாக அவள் போவதைப் பார்த்தான். யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பேட்டரிக்காரன் கேட்ட விலைக்கே "சரி, கொண்டாந்து போடு" என்று சொல்லிப் போனை வைத்தான். பேட்டரிக்காரன் பயந்துபோய்த் திரும்ப அடித்து, "அண்ணா, உடம்புக்குச் சரியில்லீங்களா?" என்று கேட்டான்.

குழலியை உண்டாக்கியது மருதாசலம்தான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர் ஊரிலிருந்து இங்கிரிட் என்கிற பையரம்மா முதல் ஆர்டர் கொடுக்கும்போது, "உங்கள் கம்பெனியில் நான் யாருக்கு எழுதவேண்டும், ஒரு ஆளைச் சொல்லுங்கள்" என்று கேட்டாள். அப்படி ஒரு ஆள் அன்றைக்குக் கம்பெனியில் கிடையாது. "ஏப்பா, ஒரு பொம்பளைப் பேர்ல ஐடி போடு. பொம்பளைன்னா அவிய அவ்வளவாக் கத்தமாட்டாங்க" என்றார் முதலாளி அர்த்தநாரி. மருதாசலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். நெற்றியில் சிவப்பு எழுத்தில் குழலி என்று எழுதிய பிரைவேட் பஸ் ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு நின்றது. அதையே தட்டினான். "நான் குழலி, இனி உங்கள் ஆர்டரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதல் மெயிலையும் அவனே அனுப்பினான்.

அதற்குப் பிறகு அந்த மேசைக்கு ஒன்பது பேர் வந்து ஒன்பது பேர் போனார்கள், ஐடி மட்டும் மாறவில்லை, மாற்றினால் ஆர்டர் போய்விடும் என்று பயம், இங்கிரிட்டுக்குத் தெரிந்தது குழலியைத்தான். பாஸ்வேர்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தது. அது மேசையில் இருந்தவளுக்குத் தெரியும், தங்கமுத்துவுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், பேக்கிங் செக்சனுக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் குழலியாக எழுதலாம். எழுதினார்கள். சாயம் தப்பிப்போய் ஒரு லாட் முழுக்கத் திரும்பியபோது, குழலியின் அப்பா நெஞ்சுவலியில் தவறிவிட்டார் என்று முதலாளியே எழுதினார். தையல் லைன் பத்து நாள் பின்தங்கியபோது, காங்கேயத்தில் தென்னை மரத்திலிருந்து விழுந்து குழலியின் அப்பா செத்துப்போனார் என்று தங்கமுத்து எழுதினார். ஏற்கெனவே ஒரு அப்பா செத்தது அவருக்கு ஞாபகமில்லை. அந்தச் சாவுக்குத்தான் இங்கிரிட் சால்வை அனுப்பினாள். போன வருஷம் சாம்பிள் கொரியர் பண்ண மறந்துவிட்டு ஷோபனா மூன்றாவது அப்பாவைப் பல்லடம் பஸ்ஸில் அடிபட வைத்தாள். நடுவில் குழலிக்குக் குடல்வால் ஆபரேசன் ஆனது, கண்ணில் புரை வந்தது, ரெண்டு தடவை கல்யாணம் நடந்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது கால் உடைந்தது. அந்தக் கால் மருதாசலம் உடைத்தது.

இத்தனையும் அவள் உடம்பில் இருந்தது. வந்த ஒரு வாரத்துக்குள் கம்பெனி அவளுக்குப் பழகிக்கொண்டது, அல்லது அவள் கம்பெனிக்குப் பழகிக்கொண்டாள். ஆபீசில் அடையாள அட்டை போட்டுக் கொடுத்தார்கள். பிறந்த தேதி என்கிற இடத்தில் ஐடி போட்ட தேதியை எழுதிக்கொண்டார்கள். செக்கிங் செக்சன் பெண்கள் அவள் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து ஆபரேசன்க்கா, இப்பெல்லாம் ஓட்டை போட்டே எடுத்தர்றாங்க" என்றார்கள். பக்கத்துச் சாயப்பட்டறைக் கம்பெனிக்காரர் வேலை மெனக்கெட்டு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகும்போது தாசப்பனிடம், "எங்க கம்பெனியில இன்ஃபோன்னு ஒரு ஐடி இருக்குது. அது வந்தா ஆம்பளையா வருமா, பொம்பளையா வருமா? ரெஸ்ட் ரூம் எதுன்னு முன்னாடியே சொல்லி வைக்கோணுமுல்ல" என்று கவலைப்பட்டார். ரோட்டில் இருந்த கம்பெனிக்காரர்கள் பலரும் அந்த வாரம் அவரவர் கேட்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. யாராவது அவள் ஐடியைத் திறந்தால் அவள் நின்றுபோவாள். கேன்டீனில் ரசம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது மாடியில் தங்கமுத்து மெயில் திறப்பார். அவள் கை பாதியில் நிற்கும், கண் எங்கோ போகும், தங்கமுத்துவின் இழுப்பான குரலில், "சாம்பிள் நாளைக்குக் கண்டிப்பாக அனுப்பிவிடுகிறோம்" என்று முணுமுணுப்பாள். கேன்டீன்கார அம்மா பதறமாட்டாள். தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்து, "மேல எவனோ மெயில் போடறான், இரு கண்ணு, முடியட்டும்" என்று விசிறிக்கொண்டு நிற்பாள். மெயில் முடிந்ததும் குழலி ஒரு வாய் சாப்பிடுவாள். அதற்குள் பேக்கிங் செக்சனிலிருந்து இன்னொருத்தன் திறப்பான். முழுத் தட்டுச் சோற்றை அவள் ஒரு நாளும் சாப்பிட்டு முடித்ததில்லை.

ஆடி அமாவாசைக்கு அவள் மூன்று வாழை இலை வாங்கி வந்தாள். செக்கிங் பெண்கள் கூடமாட நின்று, "எந்த அப்பாவுக்குக்கா வடை புடிக்கும்?" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். கேன்டீன் மூலையில் மூன்று இலைக்கு முன்னால் மூன்று விளக்கை வைத்துவிட்டு அவள் அழுதாள், ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாக, ஒன்றின் அழுகை இன்னொன்றில் கலந்துவிடாமல். மாடிப்படியில் இறங்கி வந்த அர்த்தநாரி அதைப் பார்த்தார். அப்படியே திரும்பி ஏறினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தங்கமுத்து நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். கம்பெனி முழுக்க ஒரு இருப்புக்கொள்ளாமை பிடித்துக்கொண்டது. மெஷின்கள் ஓடின, துணி வெட்டப்பட்டது, ஆனால் மாடியில் ஒருத்தராலும் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை.

மருதாசலத்துக்கு அந்தச் சத்தம்தான். தட்... சரக். தட்... சரக். சர்வர் ரூம் ஏசியின் இரைச்சலைத் தாண்டி வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்வர் ஹார்ட் டிஸ்க் ஒன்று பொசுக்கென்று போனது. குழலியின் பெட்டியில் இருந்த ரெண்டு வருஷ மெயில் அதோடு போனது. ராத்திரிதோறும் சர்வர் ரூமைத் திறந்து நகல் எடுத்துவைக்கவேண்டியது மருதாசலத்தின் வேலை. எட்டு மாசமாக அவன் எடுக்கவில்லை. நகல் எடுக்கிற டிஸ்கில் இடமில்லை என்று அது தினமும் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் படிக்கவில்லை. இங்கிரிட்டுக்கு, குழலி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலும் லேப்டாப்பும் உடைந்தது என்று எழுதிச் சமாளித்தான். முதலாளிக்கு அது போதவில்லை. "எவன் பண்ணுன வேலைடா இது?" என்று குதித்தார். மருதாசலம் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: "குழலி ஐடியில இருந்துதானுங் அழிச்சிருக்காங்க." அந்த வாரம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது சகாயமேரி என்கிற பெண். பத்துப் பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்டில் யார் என்ன செய்தார்கள் என்று எவனாலும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. சகாயமேரியை அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு சர்வர் ரூம் கதவுக்கு நேராக வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள்.

அமாவாசை முடிந்து, அடுத்த புதன்கிழமை காலையில் குழலிக்கு வாய் ஓயவில்லை. வந்து உட்கார்ந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது" என்றாள். அப்புறம் தலைமுடி வளர மருந்து என்றாள், செத்துப்போன ராஜாவின் சொத்து என்றாள், யாருக்கும் தெரியாத நாலைந்து பாஷையில் என்னென்னவோ சொன்னாள், மூச்சுவிட இடமில்லாமல், கண் செருகி, உடம்பு அனலாகக் கொதிக்க. ஷோபனா ஈரத் துணியோடு சர்வர் ரூமுக்கு ஓடிவந்தாள். "அண்ணா, அக்காவுக்கு என்னமோ ஆயிப்போச்சு!"

மருதாசலம் அதற்குள் திரையில் பார்த்துவிட்டான். அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் நாற்பதாயிரம் மெயில், நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுகிறது, அத்தனையும் குழலி ஐடியிலிருந்து. எவனோ பாஸ்வேர்டைத் திருடிக்கொண்டான். வரிசையை நிறுத்தினான், குப்பையைத் துடைத்தான், பாஸ்வேர்டை மாற்றினான். மேசையில் குழலி சட்டென்று ஓய்ந்தாள். ஆனால் உலகத்து மெயில் சர்வர்கள் எல்லாம் பார்த்துக்கொள்ளும் கருப்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் கம்பெனி பேர் ஏறிவிட்டது. கம்பெனியிலிருந்து போகும் எந்த மெயிலையும் வெளியே ஒருத்தனும் வாங்கமாட்டான். மருதாசலம் அந்தப் பட்டியல்காரர்களின் வெப்சைட்டில் எழுதி, பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, அந்த ஐடியை இனி ஒரே ஆள்தான் வைத்துக்கொள்வார் என்று சத்தியம் செய்து, சாயங்காலத்துக்குள் பேரை எடுக்கவைத்தான். புதுப் பாஸ்வேர்டை அவன் குழலியிடம் மட்டும் சொன்னான். அன்றைக்கு அவள் முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டாள். மோருக்கு மறுசோறும் போட்டுக்கொண்டாள். கேன்டீன்கார அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை காலையில் தங்கமுத்து கத்தினார். "பையருக்கு மெயில் போடறதுக்கு நான் எவகிட்டயோ போய்க் கேட்டுட்டு நிக்கோணுமா?" முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். மருதாசலம் அவரிடம் மட்டும் பாஸ்வேர்டைச் சொன்னான். அவர் தங்கமுத்துவிடம் மட்டும் சொன்னார். அரைமணி நேரத்தில் அது துண்டுச் சீட்டாகிக் கீபோர்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. திருடன் வைரஸாக உட்கார்ந்திருந்தது தங்கமுத்துவின் கம்ப்யூட்டரில். அவர் அடித்ததை அவனும் படித்துக்கொண்டான். மத்தியானம் குழலி மறுபடி லாட்டரி என்றாள். இந்தத் தடவை நாற்காலியிலிருந்து சரிந்து கீழே விழுந்தாள்.

மருதாசலம் மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தினான். தங்கமுத்துவின் கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். பட்டியல்காரர்கள் இந்தத் தடவை இரக்கம் காட்டவில்லை. அந்த ஐடியை மூடு, அதற்குப் பொறுப்பான ஆள் யார் என்று பேர் எழுது, அதுவரை எழுதாதே என்று மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். தூத்துக்குடியில் கன்டெய்னர் நிற்கிறது. இங்கிரிட்டுக்குக் கப்பல் பேப்பர் போய் அவள் சரி என்றால்தான் சனிக்கிழமைக் கப்பலில் ஏறும்.

"தூக்கிரு" என்றார் அர்த்தநாரி. "அந்த ஐடியைத் தூக்கி எறிஞ்சுட்டு வேலையப் பாரு."

"தூக்கினா அந்தம்மா என்னாகுமுங்?"

"எனக்கென்னப்பா தெரியும்? எங்கிருந்து வந்துச்சோ அங்க போகும்."

மருதாசலம் வந்து உட்கார்ந்தான். ஒரு பொத்தான்தான். கை அதன் மேல் இருக்கும்போது தட்... சரக் என்று வந்து கதவுக்கு வெளியே நின்றது. குழலி உள்ளே வந்து ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். முகத்தில் காய்ச்சல் இன்னும் வடியவில்லை.

"மருதாசலண்ணா, தூக்கறீங்களாக்கும்?"

"நான் என்ன பண்ணட்டும் அம்மணி? மேல இருந்து சொல்றாங்க."

"தூக்குங். வேண்டாமுங்கல. ஆனா இதையெல்லாம் சுமந்துட்டு நான் போகமாட்டேன்." அவள் காலைத் தட்டிக் காட்டினாள். "மூணு சாவு, ரெண்டு கல்யாணம், ஒரு ஆபரேசன், இந்தக் காலு. எதையும் நான் கேட்கல. குடுத்தவிய வந்து திருப்பி எடுத்துக்கட்டும். வெறுங்கையா அனுப்புங், போறேன்."

"எடுத்துக்கோன்னா எப்புடி எடுத்துக்குவாங்க?"

"எப்புடிக் குடுத்தாங்களோ அப்புடித்தான். எழுதித்தானுங்க குடுத்தாங்க?"

முப்பது வருஷமாக ஊரில் இருக்கும் அத்தனை வியாபாரியோடும் பேரம் பேசி ஜெயித்தவன் மருதாசலம். இந்தப் பேரத்தில் அவன் தோற்றான். ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அதோடு எழுந்து மாடி ஏறி முதலாளி ரூம் கதவைத் தட்டாமலே திறந்தான்.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

"சனிக்கிழமை கப்பல் போயிருமுடா! நாளைக்குக் காலைல."

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு."

"மத்தியானம்."

"அஞ்சு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேக்கமாட்டேன். இன்னொண்ணு முதலாளி. எல்லாருக்கும் தனித்தனி ஐடி போடறேன். அவனவன் பேரு, அவனவன் பாஸ்வேர்டு. மொத மெயில் நீங்க எழுதோணும்."

"நான் எதுக்கு எழுதோணும்?"

"மொத அப்பாவக் கொன்னது நீங்கதானுங்களே."

அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்தார். கேன்டீன் மூலையின் மூன்று இலை ஞாபகம் வந்திருக்கவேண்டும், "சரி, எழுதறேன் போ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மருதாசலம் ஐடி மேல் ஐடியாகப் போட்டான். வெளியே போகிற வழி அடைத்துக் கிடந்தாலும் கம்பெனிக்குள்ளிருந்து கம்பெனிக்குள் மெயில் போகும். அதனால் எல்லாரும் குழலிக்கே எழுதட்டும், இங்கிரிட்டுக்கு ஒரு நகல் போடட்டும், அந்த நகல் வரிசையில் காத்திருந்து வழி திறந்ததும் போகட்டும் என்று ஏற்பாடு. அர்த்தநாரி ரெண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினார்: "குழலியின் அப்பா சாகவில்லை. சாயம் தப்பிப்போனது. நான் பார்க்காமல் விட்டேன். அர்த்தநாரி." தன் பேரைக் கடைசியில் அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று.

ஒரு மணி நேரம் கழித்து அவினாசி டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். வெள்ளைச் சட்டை, மஞ்சப்பை, வலது கை நெஞ்சின் மேல். கேட்டுக்கு வந்து, "எங்க புள்ளை குழலி இங்கதானுங் வேலை செய்யுது?" என்றார். தாசப்பன் ரிஜிஸ்டரில் உறவு என்கிற இடத்தில் அப்பா என்று எழுதி, பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணி கொடுத்தார்.

தங்கமுத்து எழுதினார். கழற்றிக் கொண்டுபோன கம்ப்யூட்டருக்குப் பதிலாக ஸ்டோரிலிருந்து எடுத்த பழைய பெட்டியில், முனகிக்கொண்டே எழுதினார். பதினொன்றரைக்கு இடுப்பில் கயிறும் அரிவாளுமாக, மார்பெல்லாம் தென்னஞ் சிராய்ப்போடு இன்னொருத்தர் வந்தார். "குழலி அப்பனுங்." தாசப்பன் அவருக்கும் அப்பா என்று எழுதினார். பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங், நீங்க குழலிக்கு அப்பான்னா அப்ப நான் யாருங்?"

"அதை என்னைக் கேட்டா? எட்டு வருஷம் செத்துக் கெடந்துட்டு இப்பத்தான் வரேன், வந்ததும் பஞ்சாயத்தா?"

ஷோபனா அழுதுகொண்டே எழுதினாள். அவள் எழுதி முடித்ததும் பல்லடத்திலிருந்து மூன்றாமவர் வந்துவிட்டார், பஸ் டிரைவரைத் திட்டிக்கொண்டு. ரெண்டு பேர் சண்டை போடுவதைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, "சத்தம் போடாதீங்கப்பா. கடைசியாச் செத்தவன் நானு. புள்ளை மேல உரிமை எனக்குத்தான்" என்று நடுவில் உட்கார்ந்தார். கேன்டீன்கார அம்மா மூன்று பேருக்கும் டீ அனுப்பினாள். அமாவாசைக்கு இலை போட்ட செக்கிங் பெண்கள் ஜன்னலில் வந்து நின்று, "வடை புடிக்கறவரு எவருன்னு பார்றீ" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் பேக்கிங் செக்சன் குடல்வாலைத் திருப்பி எடுத்துக்கொண்டது. கண் புரை போயிற்று. ரெண்டு கல்யாணமும் கலைந்தன. ஒவ்வொரு மெயிலுக்கும் குழலியின் முகத்தில் ஒரு சுருக்கம் விட்டுப்போனது. நாலு மணிக்கு அவளைப் பார்த்தவர்கள் முப்பது வயசுகூடச் சொல்லமாட்டார்கள். சால்வையை மடித்துத் தங்கமுத்துவின் மேசையில் வைத்தாள். "அக்காகிட்டக் குடுத்துருங், தேடிட்டிருப்பாங்க" என்றாள். தட்... சரக் என்று தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

நாலரை ஆயிற்று. மருதாசலம் எழுதவில்லை. யுபிஎஸ்ஸைத் திறந்து மூடினான். சரியாக இருந்த கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினான். இது மற்றவர்கள் எழுதியது மாதிரி இல்லை. இங்கிரிட்டுக்கு மட்டும் சொன்ன பொய்யென்றால் போகட்டும் என்று எழுதிவிடலாம். இதை எழுதினால் முதலாளி படிப்பார். நகல் எடுக்காமல் விட்டவன் என்று தெரியும், ஒரு பெண்ணைப் பலிகொடுத்தவன் என்று தெரியும், படிப்பில்லாமல் கையால் கட்டிய இந்த ரூமிலிருந்து பண்டல் தூக்கின காலத்துக்கே திரும்பப் போகலாம். எழுதாவிட்டால்? பொத்தானை அழுத்தினால் போதும், காலோடு போய்விடுவாள். ஐந்து மணிக்குக் கப்பல் பேப்பர் போகும். அந்தச் சத்தமும் நின்றுவிடும். நின்றுவிடுமா?

நாலு ஐம்பதுக்கு எழுதினான். "குழலி ஸ்கூட்டரிலிருந்து விழவில்லை. டிஸ்க் போனது. எட்டு மாசம் நகல் எடுக்காமல் விட்டது நான். சகாயமேரி ஒரு மெயிலையும் அழிக்கவில்லை. அவள் அழித்தாள் என்று முதலாளியை நம்பவைத்தது நான். மருதாசலம்." முதலாளிக்கும் ஒரு நகல் போட்டு அனுப்பினான்.

அர்த்தநாரி படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. கதவில் நின்றார், கழுத்து நரம்பு புடைக்க.

"அப்ப அந்தப் புள்ளை..."

"ஒண்ணும் பண்ணலீங். ஒண்ணுமே பண்ணல."

"ஆறு வருஷம்டா! ஆறு வருஷமா என்ற முன்னாடி எப்படிடா நடமாடுன? நீ நாளைக்கு..."

அவர் நிறுத்தினார். வராந்தாவில் யாரோ நடந்து வந்தார்கள். தட், தட், தட், தட். ஒரே சீராக, அவசரமில்லாமல். ரெண்டு பேரும் அந்த நடையைக் கேட்டார்கள்.

குழலி வாசலில் நின்றாள். அடையாள அட்டையைக் கழற்றி மருதாசலத்தின் மேசையில் வைத்தாள். "அஞ்சாச்சுங்ணா. தூக்குங்."

மருதாசலம் பட்டியல்காரர்களின் படிவத்தில், ஐடிக்குப் பொறுப்பான ஆள் என்கிற இடத்தில் தன் பேரை எழுதினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். அந்தப் பேரில் இங்கே ஒருவரும் இல்லை என்று சர்வர் சொன்னது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"முடிஞ்சுதுங்களா?" என்றது குரல். "அப்ப நான் கெளம்பறனுங். அப்பாமாருங்க ரொம்ப நேரமாக் காத்துட்டிருக்காங்க."

அவள் அங்கேயேதான் நின்றாள், வெறுங்கையோடு. மருதாசலம் அவளையே பார்த்தான். "பாத்துப் போங் அம்மணி" என்றான்.

"சகாயமேரி அக்காளுக்கு ஒரு மெயில் போடுங்ணா" என்றாள். "என் பேர்ல வேண்டாம்."

ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தார்கள். கேட்டில் மூன்று அப்பாக்களும் அவள் தூக்குப்போசியை யார் தூக்குவது என்று அடித்துக்கொண்டார்கள். அவள் அதைப் பிடுங்கித் தானே வைத்துக்கொண்டாள். தாசப்பன் வெளியே போன நேரத்தைக் குறித்துக்கொண்டார். எந்த ஊர்ப் பஸ்ஸில் ஏறினார்கள் என்பதில் இன்றைக்கும் கம்பெனியில் ரெண்டு கட்சி இருக்கிறது.

ஐந்தே முக்காலுக்குக் கருப்புப் பட்டியலிலிருந்து பேர் போயிற்று. வரிசையில் கிடந்த மெயில்கள் ஒவ்வொன்றாகக் கடல் தாண்டின. இங்கிரிட் பேப்பரைச் சரி என்று சொல்லிவிட்டு, அடியில் ஒரு வரி கேட்டிருந்தாள்: "மூன்று அப்பாக்களும் நலமா?" அர்த்தநாரி அதைப் படித்துவிட்டு, "உங்கிட்டப் பொறவு பேசிக்கறேன்" என்று மருதாசலத்திடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பிறகு என்றால் நாளைக்கா, அடுத்த வாரமா என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில், கன்டெய்னர் ஏறியது என்று தூத்துக்குடியிலிருந்து போன் வந்த பிறகு, மருதாசலம் பழைய வேலை விண்ணப்பக் கட்டைப் பிரித்துச் சகாயமேரியின் மெயில் முகவரியைத் தேடி எடுத்தான். அவளுக்கு எழுத உட்கார்ந்தான். எழுந்தான். டீ குடித்தான். மறுபடி உட்கார்ந்தான். முதலாளிக்கு எழுதியதை அப்படியே எழுதி, மன்னிப்பு என்கிற வார்த்தையைப் போட்டு, அது பேரம் பேசுகிற மாதிரி இருந்ததால் எடுத்துவிட்டு, அனுப்பினான். திரும்பி வந்துவிடும் என்று நினைத்தான்; ஆறு வருஷத்தில் ஆள் முகவரி மாற்றியிருப்பாள். திரும்பி வரவில்லை. அப்படியென்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனால் ரூமில் இருக்க முடியவில்லை. கேட்டுக்குப் போனான், மாடிக்குப் போனான், எவன் கம்ப்யூட்டரும் மக்கர் பண்ணாமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

மூன்று மணிக்குப் பதில் வந்திருந்தது. கீழே பேர் போட்டிருந்தாள், முழுப் பேர். மேலே ஒரே வரி.

"தெரியும்ணா. நகல் எடுக்கற சர்வர் ரூம் சாவி உங்க ஒருத்தருகிட்டத்தானே இருந்துச்சு."